பட்டாளத்துக் கிழவனுக்குக் குரல் கொடுத்தவர்

காரணம் இல்லாமல் அவர் குரைத்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒரு பெண்ணைப் பற்றி இப்படி ஆரம்பித்தால் ஏதோ வசை என்று தோன்றும். குரைப்பது அவருடைய வேலை. வடகவுஞ்சிக்குக் கீழே, சரிவில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து பீன்ஸும் கிழங்கும் போட்டிருந்தார். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு மாதிரி குரைப்பார், காட்டுமாடு வந்தால் வேறு மாதிரி. பன்றிக்குப் பாய்ந்து வருகிற குரல். காட்டுமாட்டுக்குத் தூரத்தில் நின்றபடியே மரியாதையாக எச்சரிக்கிற குரல். "அதுகிட்டப் போயி மல்லுக்கு நின்னா முட்டித் தூக்கிரும்ல" என்பார்.

நான் சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷம் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு, நாற்பது வயதில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்தவள். பறவைச் சத்தங்களைப் பதிவு செய்து விற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியும் நேரத்தில் வடகவுஞ்சிச் சரிவில் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஹெட்போனில் ஒரு கிழட்டு நாயின் குரல் வந்து விழுந்தது. தொண்டை கட்டிப்போன, ஆனால் விட்டுக்கொடுக்காத குரல். அந்த நாயைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சரிவில் இறங்கினேன். மஞ்சுக்குள் ஒரு பாறை. அதன்மேல் யூரியா சாக்கை மடித்து, தலையிலிருந்து முதுகுவரை கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும்.

"இங்க ஒரு நாய் கொரைச்சுச்சே, எங்கங்க?" என்றேன்.

"நாந்தேன்" என்றார்.

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கக் கூடாது என்று எப்படியோ தெரிந்தது.

காதில் ஹெட்போனும் கையில் நோட்டுமாக இருந்ததால் அன்றைக்கே என்னை 'டீச்சர்' ஆக்கிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மாற்றவில்லை. நான் அவரை அக்கா என்றேன். அவருடைய கணவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். வாரம் ஒருமுறை வருவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நிலத்தில் அவர் மட்டும்தான்.

"ஏன்க்கா, ஒரு நாய வளக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"மூணு வளத்தேன் டீச்சர். மூணையும் சிறுத்த தூக்கிருச்சு. நாலாவதா ஒண்ணக் கொண்டாந்து சோறு போடுறது யாருக்கு, சிறுத்தைக்கா? அதேன், அந்தச் சோலிய நானே பாத்துக்கிடுறேன்."

அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். வெறுமனே குரைக்கக் கூடாது. "பன்னி லேசுப்பட்டதில்ல. ஒருக்கா சும்மா கொரைச்சோம்னு வைங்க, மறுநா அது காதக்கூட ஆட்டாது."

இந்தச் சட்டம் பன்றிகளோடு நிற்கவில்லை. ஒருமுறை பழனி ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு நான்கைந்து வாலிபர்கள் இறங்கி வந்தார்கள். குரைக்கிற அம்மாவைப் பற்றி டீக்கடையில் கேள்விப்பட்டிருக்கிறார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரே ஒரு தடவைக்கா, வீடியோ எடுத்துக்கிறோம்" என்று கெஞ்சினார்கள்.

"பன்னி எங்க?" என்று கேட்டார் அக்கா.

அவர்களில் ஒருவன் உடனே நான்கு காலில் குனிந்து உறுமிக் காட்டினான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நீ பன்னி இல்லையே தம்பி" என்று சொல்லிவிட்டு, பீன்ஸ் ஆயப் போய்விட்டார்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று ஊரில் உண்டு. அந்தப் பக்கத்தில் ஆட்களைக் கூலிக்கு அழைத்துப்போகும் மேஸ்திரி ஒருவர் இறந்தபோது, பெண்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அக்கா போனார், உட்கார்ந்தார், அழவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தபோது, "எனக்கு வரல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அதன்பிறகு ஆறு மாதம் அந்த வீட்டுக்காரர்கள் யாரும் அவரைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வருஷம் நாத்தனார் இறந்தபோது அவர் அழுத அழுகையில், மூன்று நாள் தொண்டையிலிருந்து பேச்சே வரவில்லை என்றும் அதே ஊர்தான் சொல்லும்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் ஒரு வீடியோ கேமுக்குக் குரைக்கச் சொல்லிப் போய் நின்றேன்.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. மழை நின்றுபோய், போர் நடந்து, ஊர்கள் எல்லாம் அழிந்த பிறகு, மிஞ்சிய ஒரு மனிதன் தண்ணீரைத் தேடி மலைமேல் நடந்து போகிற கதை. விளையாடுபவர்தான் அந்த மனிதன். எந்த வழியில் போவது, யாரை நம்புவது எல்லாம் அவர் முடிவு. அவன்கூடக் கடைசிவரை நடந்து வருவது ஒரு வயதான நாய். போரில் கண்ணிவெடிகளை மோந்து கண்டுபிடிக்கப் பழக்கப்பட்ட பட்டாளத்து நாய். விற்பனைக்குக் கிடைக்கிற நாய்ச் சத்தங்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தும் அவர்களுக்குத் திருப்தி இல்லை. என்னிடம் நாற்பத்து மூன்று சத்தங்கள் கொண்ட பட்டியலை அனுப்பினார்கள். எச்சரிக்கும் குரைப்பு, சோர்ந்த குரைப்பு, எசமானைத் தேடும் முனகல் என்று வரிசையாக. எனக்கு உடனே அந்தப் பாறை ஞாபகம் வந்தது.

அக்கா முழுவதையும் கேட்டார். நான் எதிர்பார்த்தபடி, "முடியாது" என்று சொல்லவில்லை. "அந்த நாய்க்கு எத்தன வயசு?" என்றார்.

"பதினாலு."

"பல்லு இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. கதை எழுதுகிறவருக்கு போன் போட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "நாயோட பல்லு எதுக்கு மேடம்?" என்றார்.

அக்கா போனை வாங்கிக்கொண்டார். "தம்பி, பல்லு விழுந்துருச்சுன்னா காத்து பக்கத்துல போகும். கொரைப்பு வேற மாதிரி கேக்கும். ரெண்டு காதும் கேக்குதா அதுக்கு? வெடிச் சத்தத்துல இருந்த நாயின்னு டீச்சர் சொல்றாங்க. காது கேக்காத நாயி சத்தமாக் கொரைக்கும், தெரியும்ல?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு காது கேக்காதுங்க. இடது காது" என்றார் எழுதுகிறவர். அந்த நிமிஷம் வரை அந்த நாய்க்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது என் நம்பிக்கை.

அன்றிலிருந்து அந்த நாய் அவருக்குக் 'கெழவன்' ஆனது.

பீன்ஸ் சாக்குகள் அடுக்கி வைக்கும் தகரக் கொட்டகையில்தான் பதிவு. சாக்குகளைச் சுற்றிலும் சுவர்போல அடுக்கினால் எதிரொலி வராது. மத்தியானம் தோட்ட வேலை ஓய்ந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தார். மிளகு போட்ட தேத்தண்ணி ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கும். டீயை அவர் அப்படித்தான் சொல்வார். அவருடைய அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர், அந்தப் பேச்சில் நான்கைந்து சொற்கள் மகளிடம் தங்கிவிட்டன. தொண்டைக்குத் தேனும் உண்டு. கீழ்மலைக் காட்டில் தேன் எடுக்கும் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பீன்ஸ் வாங்கிப் போவார்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் கேள்வி. யாரைப் பார்த்துக் குரைக்கிறது? எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்? கெழவன் காலையில் சாப்பிட்டானா? பதில் சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரே ஒரு முறை. நூற்றுக்கு நூறு அதுவாக இருக்கும்.

பதினெட்டாவது சத்தத்தில் முட்டிக்கொண்டோம். பட்டியலில் 'பசியில் அழும் சத்தம்' என்று இருந்தது.

"இது வேணாம்" என்றார்.

"ஏன்க்கா?"

"பட்டாளத்து நாயி பசிக்குதுன்னு அழுகுமா? எசமானுக்கே சாப்பாடு இல்லைன்னு சொல்றீங்க. அவன் மொகத்தப் பாத்துக்கிட்டுச் சும்மா படுத்துக் கெடக்கும்."

அதையும் எழுதுகிறவரிடம் சொன்னேன். மறுநாள் அந்தச் சத்தத்தை நீக்கிவிட்டு, 'பக்கத்தில் வந்து படுக்கும் மூச்சு' என்று மாற்றி அனுப்பினார். விளையாடிப் பார்த்தவர்களுக்கு மிகவும் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

நாற்பத்து இரண்டும் முடிந்தன. மிச்சம் ஒன்று. கடைசி அத்தியாயத்தில், எதிரிகள் பக்கத்தில் பதுங்கியிருக்க, ஒரு பாலத்தின்மேல் வெடியில் கெழவன் அடிபட்டு விழுகிறான். 'சாகும்போது ஊளை, நான்கு விநாடி.'

"கத்தாது" என்றார் அக்கா.

"அக்கா, அதுதான் கதையோட முக்கியமான எடம்."

"கத்தாது டீச்சர். எதிரி பக்கத்துல இருக்கான். இது கத்துனா எசமான் இருக்குற எடம் தெரிஞ்சுரும். சின்னதுலேர்ந்து கத்தாதேன்னு பழக்குன நாயி, சாகுறப்ப மட்டும் மறந்துருமா?"

இதையும் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை கம்பெனி முதலாளியே பேசினார். அந்த ஊளையை வைத்துத்தான் விளம்பரமே தயாராகிறது, இரண்டு நாளில் வேண்டும் என்றார். அக்காவிடம் மறுபடி கேட்க எனக்குத் தைரியமில்லை. 'பார்க்கிறேன்' என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் வெள்ளனே பறவைகளுக்காக அதே சரிவில் மைக்கை வைத்திருந்தேன். கீழே அக்காவின் குரைப்பு கேட்டது. பாய்கிற குரல்; பன்றி. அப்புறம் கற்கள் உருளும் சத்தம். அதன்பிறகு ஒரு அலறல். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். பன்றி முட்டியதில் வரப்பின் விளிம்பிலிருந்து கீழ்ப்பாத்தியில் விழுந்து கிடந்தார். இடது கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. "பன்னி போயிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கட்டுப் போட்டு, வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் ரெக்கார்டரைத் திறந்தபோது அது ஓடிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அந்த அலறல் அதில் இருந்தது. பள்ளத்தாக்கில் பட்டுத் திரும்பி, மனுஷக் குரலா மிருகக் குரலா என்று தெரியாதபடி நீண்டு, அடங்குகிற அலறல். நான்கு விநாடிக்குக் கொஞ்சம் கூட.

நான் என்ன செய்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைச் சுத்தம் செய்து, முன்னும் பின்னும் வெட்டி, அனுப்பிவிட்டேன். முதலாளி போன் பண்ணி, கேட்டவர்கள் எல்லாரும் அழுதுவிட்டதாகச் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து முதல் அத்தியாயத்தோடு அந்தக் காட்சியையும் தயார் செய்து எனக்கு அனுப்பினார்கள். அக்காவிடம் காட்டுகிற எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் அவரைப் பார்க்கப் போனபோது, "கெழவன் எப்படி இருக்கான்? காட்டுங்க" என்றார். முதல் அத்தியாயத்தைக் காட்டினேன். நாய் நடந்து வருவதைப் பார்த்து முகம் மலர்ந்தது. இடது பக்கம் யாராவது வந்தால், கிட்டே வரும்வரை அது திரும்பாமல் இருப்பதைக் கண்டதும், "காது கேக்கலைங்கிறத ஞாபகமா வச்சிருக்கான் தம்பி" என்று சொல்லிக்கொண்டார். பிறகு, "கடைசியில என்ன பண்ணுனாங்க?" என்றார்.

மறைத்திருக்கலாம். இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் அப்படி ஒரு பொய் வாயில் வரவில்லை. போட்டேன்.

ஊளை முடிந்தது. தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது எங்க கெடச்சது?"

நான் திரையை மூடினேன்.

"அன்னிக்கு நான் விழுந்தப்ப எடுத்ததா?"

"ஆமாக்கா. மைக் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கும் அவசரம், அதனால…"

"கதைக்காதீங்க" என்றார். அவருடைய அம்மாவின் சொல். கோபத்தில் மட்டும் வரும். "இது கெழவன் இல்ல டீச்சர். நான். எனக்கு வலிச்சுச்சு, கத்துனேன். அது எனக்குன்னு வந்த சத்தம். அதக் கொண்டுபோயி, கத்தாத நாய் வாயில வச்சுட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"திருப்பி வாங்கிட்டு வாங்க. வாங்குற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு தோட்டத்துக்கு இறங்கிப் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போதே முதலாளிக்கு போன் போட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்றார். யாருக்குத் தெரியப்போகிறது என்றார். என்னால் அவரை மறுத்துப் பேச முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. மற்ற நாற்பத்து இரண்டு சத்தங்களின் மாதிரிகளை மட்டுமே அனுப்பியிருந்தேன். இறுதிப் பதிவுகள் என்னிடம்தான் இருந்தன. "அந்த ஊளைய எடுத்தாத்தான் மத்தது வரும் சார்" என்றேன். இனிமேல் என்னோடு வேலை செய்யப்போவதில்லை என்றார். சரி என்றேன். மூன்று நாள் இரண்டு பக்கமும் போன் இல்லை. நான்காம் நாள் கதை எழுதுகிறவர் கூப்பிட்டார். நாய் கத்தாது என்று அந்த அம்மா சொன்னதை நினைத்துத் தனக்குத் தூக்கமே இல்லை என்றார். முதலாளியிடம் அவரும் சண்டை போட்டிருக்கிறார். ஊளையை எடுத்துவிட்டோம், விளம்பரத்திலிருந்தும். ஆனால் அந்த இடத்தில் திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒரு சத்தம் வேண்டும் என்றார்.

நான் போனபோது அக்கா ஒற்றைக் கையால் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுக்கா. ஆனா அந்த எடம் வெறுமையா கெடக்காம். ஏதாச்சும் வேணுமாம்."

கூடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அது நாயம்தேன்" என்றார். "வாங்க. வெரசா முடிச்சிருவோம், மழ வருது."

கொட்டகையில் சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்தார். எந்தக் காலில் அடி என்று கேட்டார். பின்னங்கால் என்றேன். உடனே ஆரம்பிக்கவில்லை. தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மூணாவது நாய சிறுத்த முழுசாத் தூக்கல டீச்சர். காப்பிச் செடிக்குள்ள போட்டுட்டுப் போயிருச்சு. விடிஞ்சு போயித்தேன் கண்டுபிடிச்சேன். ஒரு சத்தமில்ல. என்னப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்துச்சு. படுடா படுடான்னு சொல்றேன், கேக்கல. நான் நிக்கிறேன்ல, அது எப்படிப் படுத்திருக்கும்? அதுக்கு அதேன் சோலி, எந்திரிக்கிறது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் நகங்கள் தரையில் பிராண்டும் சத்தம். நல்ல கையின் நகங்கள். மூச்சை உள்ளே இழுத்துச் சேர்க்கிறார்; தொண்டைக்கு அடியில் ஒரு சின்ன முக்கல்; உடம்பு எழும்பி, தொப்பென்று விழுகிறது. கட்டுப் போட்ட கை தரையில் இடித்தது எனக்குத் தெரிந்தது. அவரிடமிருந்து ஒரு முனகலும் இல்லை. மறுபடி நகங்கள். மறுபடி முக்கல். இந்த முறை பாதிதான் எழும்பியது. மூன்றாவது முறை மூச்சு மட்டும் சேர்ந்தது. எழுவதற்கான எல்லாம் அந்த மூச்சில் இருந்தது, எழும்பல் மட்டும் இல்லை. அப்படியே இழுத்து இழுத்து, இடைவெளி நீண்டு, மெலிந்து நின்றது.

ஹெட்போனைக் கழற்ற எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னொருக்கா வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க்கா" என்றேன்.

கேம் வெளியானபோது அந்தக் குத்தகை முடிந்திருந்தது. நிலத்துக்காரர் அங்கே காட்டேஜ் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, ஒட்டன்சத்திரத்துக்கே வீடு பார்த்துப் போவதற்காகக் கணவர் கொண்டுவரும் லாரிக்குக் காத்திருந்தார். அன்றைக்கு மத்தியானம் லேப்டாப்போடு போனேன். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

கடைசி அத்தியாயத்தை நான் விளையாட, அவர் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தார். பாலம் வந்தது. வெடி வெடித்தது. கெழவன் விழுந்தான். சத்தமே இல்லை. நகங்கள் பலகையில் பிராண்டின. எழுந்தான், விழுந்தான். அக்காவின் உடம்பு அவரை அறியாமலே முன்னால் சாய்ந்தது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை மூச்சு மட்டும்.

அந்த இடத்தில் எழுதுகிறவர் ஒன்று செய்திருந்தார். காட்சி தானாக முடியாது. விளையாடுபவர் எப்போது பட்டனை அழுத்துகிறாரோ அப்போதுதான் அந்த மனிதன் எழுந்து நடப்பான். அதுவரை நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர்.

நான் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்க. இன்னும் மூச்சு இருக்கு."

இருந்தது. ஸ்பீக்கரில் அவருடைய மூச்சு, திரையில் நாயின் விலா. வெளியே லாரி ஹாரன் அடித்தது, கணவர் கூப்பிட்டார். அக்கா திரும்பவில்லை. விலா எழுந்து தாழ்ந்தது, எழுந்து தாழ்ந்தது, பிறகு எழவில்லை. அதன்பிறகும் என் கையை அவர் உடனே விடவில்லை.

கடைசியில் விட்டார். "ம். இப்ப நடங்க" என்றார்.

பட்டனை அழுத்தினேன். அந்த மனிதன் எழுந்தான். பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, தண்ணீர்ச் சத்தம் கேட்கிற பக்கம் நடந்தான்.